கருவண்டும் பிள்ளைப்பூச்சியும்

எருக்கும்பியைக் கிளறிய ஒரு தாய், பெருவிரல் அளவு தடித்த வெள்ளைப் புழுவொன்றைச் சிரட்டையில் இட்டு எம்மிடம் கொண்டுவந்தார். "சுவாமி, இதுதானே தென்னங்கன்றின்ரை வேரைத் தின்னுது? அடியிலை மருந்து ஊத்தட்டோ?" என்று கேட்டார். மருந்துக்குக் கடன் வாங்கவும் ஆயத்தமாயிருந்தார்.

அது கருவண்டின் புழு. உக்கிய எருவையும் இற்ற மரத்தையும் தின்று வளர்வது. உயிருள்ள தென்னையின் வேரைத் தொடாது. கேடு செய்வது அதன் தாயும் தகப்பனுமே. முட்டை, புழு, கூட்டுப்புழு என்று மாதக்கணக்காய்க் கிடந்து, பின் வண்டாகி, இரவில் பறந்துபோய்க் குருத்தைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். அந்தக் குருத்து விரியும்போது ஓலை கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியதுபோல் தெரியும்.

பிள்ளைப்பூச்சியின் பிழைப்பு வேறு. அது சில்வண்டுக்கு உறவு. புழுப்பருவமே அதற்கில்லை, குஞ்சு, சிறகின்றித் தாயின் சாயலிலேயே முட்டையை விட்டு வெளிவரும். மண்வெட்டி போன்ற முன்னங்கால்களால் வளை தோண்டி, குஞ்சும் தாயும் ஒரே நிலத்தில் வேரைக் கடிக்கும். நாற்றுமேடையில் நாற்று வாடிச் சாய்ந்து, பக்கத்தில் மண் கோடாய்ப் பொங்கிக் கிடந்தால் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும். நீர் கட்டினால் மேலே வரும். மீதியைக் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். பிற பூச்சிகளையும் இது தின்பதால், முழு எதிரி என்று தீர்ப்பிட எமக்கு மனமில்லை.

கருவண்டுக்கோ இருப்பிடம் இரண்டு. மரத்திலுள்ள வண்டைக் கம்பிக் கொக்கியால் குத்தி எடுத்தாலும், எருக்கும்பி அடுத்த தலைமுறையை வளர்த்துக்கொண்டே இருக்கும். 2009 வரை நீடித்த போரில் எறிகணை பட்டுத் தலையிழந்த தென்னைகள் எத்தனை! அப்படி விழுந்து உக்கும் குற்றிகள் யாவும் இதற்குத் தொட்டில்களே. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது கூட்டெரு செய்யச் சொன்னவர்களுள் நாமும் இருந்தோம். கும்பியை அடிக்கடி பிரட்டவேண்டும் என்பதை அழுத்திச் சொன்னோமா என்பது வேறு கேள்வி.

பிரட்டினால் புழு வெளியே வரும். அதைக் கொல்லும் பச்சைப் பூஞ்சணம் ஒன்றுமுண்டு. 1963 இல் மலேசியாவில் கண்டறியப்பட்ட வைரசு ஒன்றை 1967 இல் சமோவாத் தீவில் விட்டு, அங்கே வண்டின் தொகையைக் குறைத்தார்கள். ஆனால் எம்மவர் கையில் இன்றே இருப்பது மண்வெட்டிதான்.

அந்தத் தாயின் கும்பியை அன்று மாலையே பிரட்டினோம். அரை வாளி புழு. கோழிகளுக்குப் பெருநாள்.