அருமண் தனிமங்களும் கண்ணாடித் தொழிலும்

கேரளத்தின் சவறா, தமிழகத்தின் மணவாளக்குறிச்சி, ஒடிசாவின் சத்ரபூர் ஆகிய கடற்கரைப் பகுதிகளின் மணலில் மோனசைட் என்னும் கனிமம் கலந்துள்ளது. தோரியத்துடன் சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களும் இதில் அடங்கியுள்ளன. இவற்றைப் பிரித்தெடுப்பதற்காக 1950ஆம் ஆண்டில் இந்திய அருமண் நிறுவனம் அமைக்கப்பட்டது. ஆலுவாயில் அதன் ஆலை 1952இல் இயங்கத் தொடங்கியது. இத்தனிமங்களின் முக்கியப் பயன்களுள் ஒன்று கண்ணாடித் தொழிலில் உள்ளது.

கதிரியக்கம் மிகுந்த பொருள்களைக் கையாளும் அறைகளில், பணியாளர் தடித்த கண்ணாடிச் சாளரத்தின் வழியே பார்த்து, இயந்திரக் கைகளால் வேலை செய்கின்றனர். காமாக் கதிர்களைத் தடுப்பது அக்கண்ணாடியில் மிகுதியாகச் சேர்க்கப்படும் ஈய ஆக்சைடு ஆகும். ஆனால் அதே கதிர்கள் கண்ணாடியிலுள்ள எலெக்ட்ரான்களை இடம்பெயரச் செய்கின்றன. அவை கண்ணாடியின் குறைபாடுள்ள இடங்களில் சிக்கிக்கொள்வதால், சாளரம் நாளடைவில் பழுப்பேறிப் பார்வையை மறைக்கும். பணியாளரின் பாதுகாப்புக்கே இதனால் ஊறு நேரும். சீரியம் ஆக்சைடு சிறிதளவு சேர்க்கப்பட்டால், அது அவ்வெலெக்ட்ரான்களை ஏற்று இந்நிறமாற்றத்தைப் பெரிதும் தடுக்கிறது. எனினும் அதுவே கண்ணாடிக்கு மெல்லிய மஞ்சள் சாயல் தரும். ஆகவே, கதிர்மூலத்தை அடுத்துள்ள அடுக்குகளில் சீரியம் சேர்த்தும், பணியாளர் பக்கமுள்ள அடுக்குகளில் சேர்க்காமலும் சாளரத்தை அமைப்பது வழக்கம்.

ஒளியியல் துறையிலும் இத்தனிமங்களின் பங்கு பெரிது. லாந்தனம் சேர்ந்த கண்ணாடியில் ஒளிவிலகல் மிகுதி; நிறப்பிரிகை குறைவு. எனவே உயர்தர நிழற்படக் கருவிகளின் வில்லைகளுக்கு அது ஏற்றது. நியோடிமியம் கலந்த கண்ணாடியிலிருந்து 1961ஆம் ஆண்டில் லேசர் ஒளி பெறப்பட்டது. 1987இல் எர்பியம் கலந்த ஒளியிழைப் பெருக்கி உருவானது. ஒளிக்குறிகளை மின்குறிகளாக மாற்றாமலே வலுப்படுத்த இயன்றதால், கடலடித் தொலைத்தொடர்பு பெருவளர்ச்சி கண்டது. கொல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் கதிர்த்தடுப்புக் கண்ணாடியிலும் எர்பியம் இழையிலும் ஆய்வு மேற்கொண்டுள்ளது.

பொருளாதார நோக்கில் இரு உண்மைகள் கருதத்தக்கவை. நம் மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகிய இலேசான அருமண்கள் மிகுதி. எர்பியம் போன்ற கனமானவை மிகக் குறைவு. இரண்டாவதாக, மதிப்பு உயர்வது தூய்மையினாலேயே ஆகும். பத்து லட்சத்தில் சில பங்கு இரும்பு கலந்தாலும் ஒளியியல் கண்ணாடியின் தரம் தாழும். 2025 ஏப்ரலில் சீனா சமேரியம், கடோலினியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் ஒரு பாடமே. கனிமவளம் மட்டும் தற்சார்பைத் தராது. அதைத் தூய்மைப்படுத்தும் ஆலையும், உருக்கி வார்க்கும் திறனும், தரத்தைச் சோதிக்கும் ஆய்வகமும் ஒருங்கே வளர்ந்தாலன்றி, கடற்கரை மணலின் முழுப்பயன் நாட்டுக்குக் கிட்டாது.