காரில் கறுப்புப் புகையா? பெட்ரோல் கூடுதலாக எரிகிறதா என்று பாருங்கள்

கருங்கல் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் கார் நிற்கும். வாங்கியவர் வளைகுடாவில் இருப்பார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று வீட்டில் உள்ளவர்கள் வாரம் ஒருமுறை ஷெட்டில் வைத்தே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுவார்கள். அவர் விடுமுறைக்கு வந்து வண்டியை எடுத்தால் பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை, குறைந்த மைலேஜ். 'இன்ஜெக்டர் போய்விட்டது' என்று யாராவது சொன்னால் ஆயிரக்கணக்கில் செலவு. அதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது சற்றுக் குறையும். இந்த அளவுக்கு மேல் பெட்ரோல் போனால் அதை மெக்கானிக்குகள் 'ரிச்' என்பார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதன் கம்ப்யூட்டரே கூடுதல் பெட்ரோல் கொடுக்கும், சூடானதும் குறைத்துவிடும். ஐந்து நிமிடத்தில் அணைக்கும் வண்டியில் கோளாறே இல்லாமல் கரி படிவது இதனால்தான். எனவே முதலில் மார்த்தாண்டம் வரையோ திங்கள்சந்தை வரையோ ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சோதியுங்கள்.

1. புகை: கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளை, நீராவிதான்.

2. மைலேஜ்: டேங்கை நிரப்பி ஓட்டி, மீண்டும் நிரப்பிக் கணக்கிடுங்கள். மீட்டர் முள்ளை நம்ப வேண்டாம்.

3. ஸ்பார்க் பிளக்: எஞ்சின் ஆறியபின் கழற்றுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி எல்லா பிளக்கிலும் இருந்தால் காற்று வடிகட்டி அல்லது சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஒன்றில் மட்டும் இருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரையோ இக்னிஷனையோ பார்க்க வேண்டும்.

4. ஸ்கேனர்: பி0172 என்ற கோடு வந்தால் கலவை ரிச். 'ஃபியூயல் டிரிம்' மைனஸ் 10 சதவீதத்துக்கும் கீழே நின்றால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கப் போராடுகிறது என்று பொருள்.

5. புகைச் சோதனை: பி.எஸ். 4, பி.எஸ். 6 பெட்ரோல் கார்களில் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சான்றிதழை மடித்து வைப்பதற்கு முன் அந்த எண்ணைப் படியுங்கள்.

பழுது பார்ப்பதில் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். முதலில் அடைபட்ட காற்று வடிகட்டி. அடுத்து எஞ்சின் சூட்டைச் சொல்லும் கூலன்ட் சென்சார். அது கெட்டால் சூடான எஞ்சினையும் குளிர்ந்தது என்றே சொல்லும். பிறகு திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட். கடைசியாகத்தான் கசியும் இன்ஜெக்டர்.

அப்படியே விட்டால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அளவுமீறிச் சூடாகிக் கெடும்.

பண நஷ்டத்தைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. ரிச்சாக ஓடும் எஞ்சின் கார்பன் மோனாக்சைடை அதிகம் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, உயிரைப் பறிக்கும். மூடிய ஷெட்டில் ஒருபோதும் ஸ்டார்ட் செய்து விடாதீர்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். ஓட்ட ஆளில்லை என்றால் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். ஊரில் இருப்பவர்களிடம் இதை இன்றே போனில் சொல்லிவிடுங்கள்.