தள்ளுபடி விலைக்குத்தான், உரிமைக்கு அல்ல

ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலும் கோவை ஒப்பணக்கார வீதியிலும் கால் வைக்க இடமிருக்காது. அனார்கலி, குர்தி, பலாசோ செட் என்று புது டிசைன்கள் குவிந்து கிடக்கும். மாதச் செலவில் மிச்சம் பிடித்துத் துணி எடுக்கும் பெண்களுக்கு இது நல்ல வாய்ப்புதான். ஆனால் வாங்கி வந்த சுடிதார் முதல் தண்ணீரிலேயே சாயம் விடுகிறது. அக்குளில் தையல் பிரிகிறது. கடைக்குத் திரும்பப் போனால், "ஆஃபர்ல எடுத்ததுக்கு எக்ஸ்சேஞ்ச் கிடையாதும்மா" என்கிறார்கள். பலரும் அதைச் சட்டம் என்றே நம்பி வீடு திரும்புகிறார்கள். அது சட்டம் அல்ல.

சட்டம் சொல்வது என்ன?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை இந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. இதற்கான காலக்கெடு பில்லில் இருந்தால் அதுவே பொருந்தும். இல்லாவிட்டால் 30 நாள். முழு விலைக்கு வாங்கினாலும் பாதி விலைக்கு வாங்கினாலும் விதி ஒன்றுதான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் இந்தப் பொறுப்பு கடையை விட்டுப் போய்விடாது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வையுங்கள். நிறம் பிடிக்கவில்லை, அக்காவுக்கு அளவு சேரவில்லை என்பவை துணியின் குறைபாடு ஆகாது. அவற்றுக்கு மாற்றித் தருவது கடையின் விருப்பம். எனவே பணம் கட்டும் முன்பே எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்று கேளுங்கள். 'டேமேஜ் பீஸ்' என்று சொல்லியே விற்றிருந்தால், சொன்ன அந்தக் குறையைப் பின்னர் புகாராக்குவதும் கடினம்.

எங்கே ஏமாற்றப்படுகிறோம்?

விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி தருவது முதல் வகை. வழக்கமாக 900 ரூபாய்க்கு விற்கும் குர்தியில் 1,800 என்று புது ஸ்டிக்கர் ஒட்டி, 50% தள்ளுபடி என்றால் வாங்குபவருக்கு லாபம் எதுவும் இல்லை. டேக்கில் ஒரு விலையின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள். இல்லாத சலுகையை இருப்பதாகக் காட்டுவதும், பெயருக்குச் சில உருப்படிகளை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக விளம்பரம் செய்வதும் நேர்மையற்ற வணிகமே.

வரி அடுத்தது. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த விலை. 40% தள்ளுபடி என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம், தள்ளுபடி போன விலைக்கு மேல் வாட் வரியைத் தனியாக வாங்கியது. அது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-இல் தீர்ப்பளித்தது. இன்று ஜிஎஸ்டியைத் தனியாகச் சேர்த்து பில் போட்டால் இதையே எடுத்துச் சொல்லலாம்.

பரிசுக் கூப்பனில் பெயர் எழுதிப் போட்டீர்களா? முடிவைப் பங்கேற்றவர்களுக்குத் தெரிவிக்காமல் மறைப்பதும் சட்டப்படி தவறு. பில் போட கைப்பேசி எண் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது.

டிரையல் ரூமில் கவனம்

உடை மாற்றும் முன் கொக்கி, கண்ணாடியின் விளிம்பு, மேல்தட்டு, கதவு இடுக்கு ஆகியவற்றை ஒருமுறை பாருங்கள். கேமராவோ கைப்பேசியோ தென்பட்டால் அதைத் தொடாமல் வெளியே வந்து 112 அல்லது 181-ஐ அழையுங்கள். பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வெட்கப்பட வேண்டியது நீங்கள் அல்ல.

தீர்வு எப்படி?

1. பில், டேக், சலுகை விளம்பரத்தின் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பில் தராமல் இருப்பதே தவறு, கேட்டு வாங்குங்கள்.

2. குறை தெரிந்ததும் படம் எடுத்து, கடைக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சான்று கிடையாது.

3. கடை அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். எம்.ஆர்.பி. திருத்தம் என்றால் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடமும் புகார் தரலாம்.

4. அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை; வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் செய்யலாம்.

'எண்ணூறு ரூபாய்க்கு யார் அலைவது?' என்று விட்டுவிடுகிறோம். அந்த அலுப்பை நம்பித்தான் ஒரே தவறு ஆயிரம் பேரிடம் நடக்கிறது. பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் அசைய ஒரு புகார் தூண்டுகோலாகலாம். அதை எழுதுங்கள், அடுத்து அதே கடைக்குப் போகும் பெண்ணுக்கும் சேர்த்து எழுதுங்கள்.