விதியும் மனச்சான்றும்

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் கருதினால் இராட்சிங்கர், பதினாறாம் பெனடிக்ட் என்னும் பெயரோடு போப்பாண்டவரானார். 1981 முதல் உரோமையில் சமயக் கோட்பாட்டைக் காக்கும் பேராயத்தின் தலைவராக இருந்து, கண்டிப்புக்குப் பேர்பெற்றவர் அவர். ஆகவே, சபை விதிகள் சிலவற்றைக் கைக்கொள்ளாத கத்தோலிக்கர் இனி என் செய்வர் என்னும் வினா எழுந்தது.

விதிகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. குருமார் மணம் புரியாமை ஓர் ஒழுங்குமுறை. உரோமையோடு ஒன்றிய கீழைச் சபைகள் பலவற்றில் மணமானவரும் குருவாகலாம். கிறித்து இறைமகன் என்பதோ மாறாக் கோட்பாடு. இடர்ப்பாடு எழுவது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அறநெறிப் போதனையில்தான்.

1968இல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை விலக்கிச் சுற்றுமடல் விடுத்தார். அதுபற்றி ஆராய்ந்த குழுவினருள் பெரும்பாலோர் தளர்த்தலாம் என்றே கருதியிருந்தனர். மேலைநாட்டுத் தம்பதியர் பலர் அவ்விலக்கை ஏற்கவில்லை; பூசைக்குச் செல்வதையும் விடவில்லை. தம் மனச்சான்றையே அவர்கள் காரணம் காட்டினர்.

வியப்பு யாதெனின், அதே 1960களில் பேராசிரியராயிருந்த இராட்சிங்கரே, இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டுக்கு வரைந்த விளக்கவுரையில், சபை அதிகாரத்துக்கு மாறாயினும் மனச்சான்றுக்கே முதற்கண் கீழ்ப்படிதல் வேண்டும் என்றார். ஆயினும், மனச்சான்று என்பது மனம்போன போக்கன்று; உண்மையை நாடித் தெளிவது என்பதையும் அவர் பின்னர் வற்புறுத்தினார்.

2013இல் அவர் பதவி துறந்தபோது அவ்விலக்கும் மாறவில்லை. மக்கள் வழக்கமும் மாறவில்லை. விதியை ஏற்போனாயினும் மறுப்போனாயினும், தான் தெளிந்துதான் செய்கின்றானா என்று தன்னைத்தான் வினவிக்கொள்ளும் கடமை அவனுக்கு உண்டு.