ஆடு புலியைக் கட்டும் ஆட்டம்! 5 ஆட்டம், 5 பாட்டு: நிருபர் போட்ட வரிசை

மதுரை,

"பணம் வைத்து சீட்டாடிய 6 பேர் கைது."

போலீஸ் செய்தி சேகரிக்கிற எனக்கு இப்படி ஒரு செய்தி எழுதாத மாதம் கிடையாது. பெயர், வயது, தெரு, பிடிபட்ட பணம், ஒரு சீட்டுக்கட்டு. ஐந்து வரியில் முடிந்துவிடும். எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால் டீ மாஸ்டர் என்னைப் பிடித்துக் கொண்டார்.

"ஏண்ணே, ஆட்டம் ஆடுறதே குத்தமாண்ணே?"

ஆடுவது குற்றம் இல்லை. காசு வைத்துச் சூதாடுவதுதான் குற்றம். அதைச் சொன்னேன்.

"அப்ப காசு வைக்காம ஆடுற ஆட்டம் நாலு சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

நாலு என்ன, ஐந்தே சொல்கிறேன். என் அப்பத்தா கற்றுக் கொடுத்ததும், தெருவில் கற்றுக் கொண்டதுமாக எனக்குப் பிடித்த ஆட்டங்கள் இவை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தோதாக ஒரு பாட்டும் சேர்த்திருக்கிறேன். ஆட்டம் இருக்கும் இடத்தில் ஒரு பாட்டுப் பெட்டியும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மூன்று நிபந்தனை

வரிசை போடுவதற்கு மூன்று நிபந்தனை வைத்தேன்.

ஒன்று: காசு வைக்காமல் ஆடினாலும் ருசி குறையக் கூடாது.

இரண்டு: தோற்றவன் வேட்டியை உதறிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போக வேண்டும்.

மூன்று: பாட்டு, ஆடுகிறவர் காதோடு நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பக் கூடாது. பொது இடத்தில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது.

ஆட்ட ஆசை மதுரைக்காரனுக்குப் புதிது அல்ல. பக்கத்தில் கீழடியில் தோண்டியபோது பகடைக்காயும், சுடுமண்ணில் செய்த ஆட்டக்காய்களும், வட்டச் சில்லுகளும் கிடைத்தன. அந்த ஊரின் வயது கி.மு. 6-ம் நூற்றாண்டு வரை போகிறது என்று 2019-ல் மாநில தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் பஸ் ஏறினால் இந்த மண்ணின் பழைய பொருட்களை நேரில் பார்த்து வரலாம்.

சரி, கடைசி இடத்தில் இருந்து ஆரம்பிப்போம்.

5-வது இடம்: பரமபதம்

மார்கழி மாதம், வைகுண்ட ஏகாதசி ராத்திரி. கண் விழிக்க வேண்டும். தூக்கம் சொக்கும். அப்போது அப்பத்தா டிரங்குப் பெட்டியில் இருந்து பரமபதப் படத்தை எடுத்து விரிப்பார். ஏணியில் ஏறினால் புண்ணியம். பாம்பு வாயில் விழுந்தால் பாவம். உச்சிக்குப் போய்விட்டோம் என்று நிமிர்ந்து உட்காரும்போதுதான் பெரிய பாம்பு காத்திருக்கும்.

இதில் மூளைக்கு வேலை இல்லை. உருட்டியது விழும், விழுந்தது நடக்கும். அதனால் 5-வது இடம். ஆனால் ஏழு வயதுப் பேரனும் எழுபது வயது அப்பத்தாவும் சரிசமமாக ஆடலாம்.

தோதான பாட்டு, 1945-ல் வந்த "மீரா" படத்தின் "காற்றினிலே வரும் கீதம்." எழுதியவர் கல்கி. பாடியவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. 1916-ல் மதுரையில் பிறந்தவர். 1966-ல் ஐ.நா. சபையில் பாடினார். 1998-ல் பாரத ரத்னா பெற்றார். கண் விழிக்கிற ராத்திரிக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

4-வது இடம்: தாயம்

"தாயம் போடு! தாயம் போடு!" என்று கத்தினால் தாயம் விழுமா? கணக்கு வேறு சொல்கிறது.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் பக்கம் ஒன்று. இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் இரண்டே விதம்தான் தாயம். அதாவது எட்டுக்கு ஒன்று. பன்னிரண்டு இன்னும் கஷ்டம். இரண்டு கட்டையும் வெறும் பக்கம் காட்ட வேண்டும். பதினாறுக்கு ஒன்றுதான்.

தாயம் விழாமல் காய் இறங்காது. எதிராளி நாலு காயையும் இறக்கி ஊர்வலம் போவான். நாம் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு வெட்டு போதும், நிலைமை தலைகீழ்! பழம் பழுக்க ஒரு கட்டம் இருக்கும்போது வெட்டு வாங்கியவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தாயம் ஏன் மேலே போகவில்லை? ருசி பிடித்துவிட்டால் "சும்மா ஆடினா எப்படி, பத்து ரூபாய் வைப்போம்" என்று எவனாவது ஆரம்பிப்பான். பகடையில் நாட்டைத் தோற்ற கதை நமக்குத் தெரியும். வள்ளுவரும் சூது என்று தனி அதிகாரமே எழுதி வைத்தார்.

பாட்டு, "மனிதன் நினைப்பதுண்டு." 1975-ல் வந்த "அவன்தான் மனிதன்" படம். கண்ணதாசன் எழுத்து, எம்.எஸ்.விஸ்வநாதன் இசை, டி.எம்.சௌந்தரராஜன் குரல். அள்ளிக் கொடுத்த பணக்காரர் எல்லாம் இழந்து நிற்கும் கதை. வெட்டு வாங்கியவனுக்கு ஆறுதல்!

3-வது இடம்: கேரம்

மன்றத்து வாசலில் ஒரு போர்டு. மேலே குண்டு பல்பு. ஆடுவது நாலு பேர், யோசனை சொல்வது நாற்பது பேர். கறுப்பு 9, வெள்ளை 9, நடுவில் சிவப்பு ஒன்று. இங்கே அதிர்ஷ்டம் பலிக்காது, விரல்தான் பேச வேண்டும்.

கேரம் விளையாடுகிறவனை "உருப்படாதவன்" என்று திட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் உருவானதே நம் சென்னையில்தான். சென்னைக்காரர் மரிய இருதயம் உலக சாம்பியன் ஆகி, அர்ஜுனா விருதும் வாங்கினார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் சென்னையைச் சேர்ந்த காசிமா 3 தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டுபவரின் மகள் அவர்!

கேரம் போர்டுக்குப் பக்கத்தில் ஒலிக்க வேண்டிய பாட்டு, "மச்சானைப் பார்த்தீங்களா." 1976-ல் "அன்னக்கிளி" படத்தில் எஸ்.ஜானகி பாடியது. அதுதான் இளையராஜாவுக்கு முதல் படம். அவர் ஊரான பண்ணைப்புரம் இப்போது தேனி மாவட்டம். அப்போது மதுரை மாவட்டம். நம்ம ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள நமக்கும் உரிமை உண்டு.

2-வது இடம்: பல்லாங்குழி

பதினாலு குழி. குழிக்கு ஐந்து முத்து. மொத்தம் எழுபது. புளியங்கொட்டை போதும், சோழி இருந்தால் ராஜ வாழ்க்கை. பலகை இல்லாவிட்டால் மண்ணில் குழி தோண்டியும் ஆடலாம்.

ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்துவிட்டால் அது "பசு." குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். அப்பத்தா பேசிக்கொண்டே இருப்பார், கை மட்டும் பசுவை அள்ளிக்கொண்டே இருக்கும். முத்து தீர்ந்து போய் குழிக்கு ஒன்று வைத்து ஆடுவதற்கு "கஞ்சி காய்ச்சுவது" என்று பெயர். பெயரே கதை சொல்கிறது அல்லவா?

இந்தக் கதையைப் படித்துச் சொன்னவர் பேராசிரியர் தொ.பரமசிவன். மதுரை தியாகராசர் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 2020-ல் காலமானார். எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்துத் தொடங்குகிற ஆட்டம், ஒருவர் கையில் சொத்து சேர்வதிலும் மற்றவர் வெறுங்கையாவதிலும் முடிகிறதே என்று அவர் எழுதினார். அதைப் படித்த பிறகு அப்பத்தாவிடம் தோற்கும்போது எனக்கு லேசாகப் பயம் வருகிறது!

பாட்டு, "மலர்ந்தும் மலராத." 1961-ல் வந்த "பாசமலர்." டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடியது. அக்கா, தங்கை, நாத்தனார் கூடி உட்காரும் இடத்தில் இந்தப் பாட்டு ஒலித்தால் நாலு பேர் கண் துடைப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் பசுவை எடுத்துவிடுவார்.

செஸ் எங்கே? ரம்மி எங்கே?

"செஸ்ஸை விட்டுட்டியே தம்பி" என்று சிலர் கேட்பார்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். செஸ்சுக்கு என் சிபாரிசு தேவை இல்லை.

ரம்மியை விட்டதற்குக் காரணம் வேறு.

எங்கள் தெருவில் ஒரு தம்பி. பெயர் வேண்டாம். ஜவுளிக்கடையில் வேலை. ராத்திரி போர்வைக்குள் செல்போனில் ரம்மி ஆடினான். முதல் நாள் 200 ரூபாய் வந்தது. பிறகு வந்தது நின்றது. சம்பளம் போனது. அக்காவின் தோடு போனது. ஒரு நாள் அவன் அம்மா என்னிடம் வந்து நின்றார்.

"போலீசுல பெட்டிசன் குடுக்கணும்ப்பா. யாரு மேல குடுக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சீட்டாடிய ஆறு பேருக்காவது பெயர், வயது, தெரு உண்டு. இவன் யாரோடு ஆடினான்? எதிரே உட்கார்ந்திருந்தது யார்? அவனுக்கே தெரியாது.

தமிழக சட்டசபை 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க சட்டம் நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐகோர்ட்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அந்த இரண்டுக்கும் போட்ட தடையை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுவதும் தடை விதித்து சட்டம் நிறைவேற்றியது.

சட்டம் வந்தது. போன தோடு வரவில்லை.

முதல் இடம்: ஆடு புலி ஆட்டம்

ஒரு துண்டு சாக்பீஸ். கொஞ்சம் தரை. புளியங்கொட்டை மூன்று, சின்னக் கூழாங்கல் பதினைந்து. செலவு கணக்கு முடிந்தது. நம் பக்கத்துக் கோவில் மண்டபங்களில் கல் தரையில் கீறி வைத்த ஆட்டக் கட்டங்களைப் பார்க்கலாம். திருவிழாவுக்கு வந்தவனும், வழிப்போக்கனும், மாடு மேய்த்தவனும் உட்கார்ந்து ஆடிய இடம்.

புலி 3, ஆடு 15. நிற்கும் இடம் 23. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு காலி. ஆட்டுக்குப் பல் கிடையாது, நகம் கிடையாது. பதினைந்தும் கட்டத்தில் இறங்கும் வரை நகரக்கூட முடியாது. பார்க்கிறவர்கள் எல்லாம் "எனக்குப் புலி, எனக்குப் புலி" என்பார்கள்.

ஆனால் ஒரு விதி உண்டு. தாண்டிக் குதிக்க அந்தப் பக்கம் இடம் காலியாக இருக்க வேண்டும். ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நின்றுவிட்டால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. உறுமிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தனியாகப் போன ஆடு செத்தது. முதுகுக்கு முதுகு நின்ற ஆடு, புலியைக் கட்டியது. அதிர்ஷ்டம் கிடையாது, கட்டை உருட்டுவது கிடையாது, காசுக்கு வேலை கிடையாது. என் மூன்று நிபந்தனைக்கும் முழு மார்க்!

இதற்குப் பாட்டு, "பாட்டும் நானே." 1965-ல் வந்த "திருவிளையாடல்." கதை நடப்பதே நம் மதுரையில்! பாட்டில் தன்னை வெல்ல ஆள் இல்லை என்று பாண்டியன் சபையில் மார் தட்டினார் ஏமநாத பாகவதர். அவர் புலி. பாணபத்திரரோ பயந்து நடுங்குகிறார். அவருக்காக சொக்கநாதரே விறகு விற்பவராக வந்து பாடினார். கேட்ட பாகவதர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டே போய்விட்டார். பத்திரருக்குப் பின்னால் ஆள் இருந்தது, அதனால் புலி தோற்றது.

அந்த விறகு விற்பவருக்குக் குரல் கொடுத்த டி.எம்.சௌந்தரராஜன், 1922-ல் மதுரையில் பிறந்தவர். 2013-ல் மறைந்தார். 2023-ல் முனிச்சாலையில் அவருக்குச் சிலை திறந்தார்கள். அந்தப் பக்கம் பஸ்சில் போகும்போது எட்டிப் பாருங்கள்.

படிக்கட்டில் ஒரு கட்டம்

எங்கள் தெருவில் இப்போது திண்ணை வைத்த வீடு ஒன்றுகூட இல்லை. படிக்கட்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் சாக்பீசால் கட்டம் போடுகிறோம். நானும், அந்த ஜவுளிக்கடைத் தம்பியும். அவனுடைய கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. மாதா மாதம் கட்டுகிறான். செல்போன் அவன் அம்மா முந்தானையில் முடிந்து கிடக்கிறது.

முதல் வாரம் நான் புலி, அவன் ஆடு. ஆறு ஆட்டைப் பறிகொடுத்தான். "விடுண்ணே, நமக்கு ராசியில்ல" என்று எழுந்தான். மேலே நின்ற அப்பத்தா விடவில்லை.

"ராசி என்னடா ராசி? ஒத்தையா விட்டா புலி திங்கத்தான் செய்யும். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ண வைடா!"

போன வாரம் என் மூன்று புலியையும் கட்டிப் போட்டுவிட்டான். தோற்ற நான் வேட்டியை உதறிக்கொண்டு சிரித்தபடி எழுந்தேன்.

டீ மாஸ்டர் அண்ணனுக்கு ஐந்து சொல்லிவிட்டேன். வாசகர்களே, உங்கள் வரிசையில் முதல் இடம் எந்த ஆட்டத்துக்கு? பாட்டு என்ன?