மூச்சை மட்டும் பிடிக்காதீங்க! தாய்லாந்துத் தீவில் ஸ்கூபா டைவிங் பாடம்

தண்ணீருக்குள் தலை போனதும் மூச்சை அடக்க வேண்டும். கிணற்றிலோ குளத்திலோ குதித்துப் பழகிய யாருக்கும் இது சொல்லித்தராமலே வந்துவிடும். தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்களுக்கு அந்த மூச்சடக்கம்தான் தொழிலே. ஆனால், ஸ்கூபா டைவிங் வகுப்பின் முதல் பாடம் இதற்கு நேர் எதிரானது. 'எந்தக் காரணத்துக்காகவும் மூச்சைப் பிடித்துவைக்கக் கூடாது!'

காரணம் எளிமையானது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய காற்றை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்காது. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சரேலென்று மேலே ஏறுவதுதான் புதியவர்கள் செய்யக்கூடிய மிக ஆபத்தான தவறு. பயிற்சியில் சொல்லித்தரும் மற்ற பாடங்களில் பலவும், அந்தப் பயம் தலைக்கேறாமல் பார்த்துக்கொள்ளும் வித்தைகள்தான்.

இதைக் கற்றுக்கொள்ள உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்து இறங்கும் இடங்களில் ஒன்று, தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் 'கோ தாவ்'. தாய் மொழியில் 'ஆமைத் தீவு' என்று அர்த்தம். மொத்தமே சுமார் 21 சதுர கிலோமீட்டர். விமான நிலையம் கிடையாது; பாங்காக்கிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ சும்போன் போய், அங்கிருந்து படகு பிடிக்க வேண்டும். ஒருகாலத்தில் அரசியல் கைதிகளை அடைத்துவைத்த தீவு இது. இன்று தெருவுக்குத் தெரு டைவிங் பள்ளிகள். வெதுவெதுப்பான கடல், அலை அடங்கிய சிறு விரிகுடாக்கள், கரைக்குப் பக்கத்திலேயே பவளப்பாறைகள்... புதியவர்களுக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை.

தீபாவளி விடுமுறையில் போகலாம் என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கவும். நம்மூரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில்தான் அங்கேயும் மழை. கடல் கலங்கியிருந்தால் கைநீட்டும் தூரம்கூடத் தெரியாமல் போகலாம். கோடை விடுமுறை மேல்.

டிக்கெட் போடுவதற்கு முன் இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும். சுற்றுலாத் தலங்களில் அரைநாளில் முடியும் 'ட்ரை டைவ்' வேறு, சான்றிதழ் படிப்பு வேறு. முதலாவதற்கு நீச்சல் தெரிய வேண்டிய அவசியமில்லை. இன்ஸ்ட்ரக்டர் பிடித்துக்கொண்டே சுற்றிக்காட்டுவார். போட்டோவோடு கதை முடிந்தது. 'ஓப்பன் வாட்டர்' என்ற ஆரம்பநிலைச் சான்றிதழ் வாங்கினால், துணைக்கு இன்னொரு டைவருடன் 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். அதற்கு நீச்சல் கட்டாயம். 'பேடி' அமைப்பின் விதிப்படி, 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், வேகம் முக்கியமில்லை. 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். 10 வயது நிரம்பிய பிள்ளைகளும் சேரலாம், ஆழத்தில்தான் கட்டுப்பாடு. கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது.

பாடப் பகுதியை ஆன்லைனில் வீட்டிலேயே படித்து முடித்துவிட்டுப் போகலாம். அப்படிப் போனால் தீவில் கிடைக்கும் 3, 4 நாள்களைத் தண்ணீரில் செலவிடலாம்.

பயிற்சி தொடங்கும் முன் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயப் பிரச்னை, காது அறுவை சிகிச்சை என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் டாக்டரின் கையெழுத்து தேவைப்படலாம். 'இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டோமே' என்று எல்லாவற்றிலும் 'இல்லை' போட்டுவிடும் ஆசை வருவது இங்கேதான். அது பாஸ்போர்ட் ஆபீஸ் படிவம் இல்லை. மறைக்கும் விஷயத்தோடு தண்ணீருக்குள் போகப்போவது நிரப்பியவரேதான். படிவத்தை முன்கூட்டியே வாங்கி, ஊரிலேயே டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்புவது நல்லது.

கடலுக்கு முன்னால் நீச்சல்குளம். முழங்கால் போட்டு உட்கார்ந்து, வாயில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றி, மெல்லக் குமிழி விட்டபடியே தேடி எடுத்து மறுபடி மாட்ட வேண்டும். முதுகில் இருக்கும் சிலிண்டரில், செய்திகளில் அடிக்கடி எழுதுவதுபோல ஆக்ஸிஜன் இல்லை; நாம் சுவாசிக்கும் அதே சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது.

பலரும் தடுமாறுவது மாஸ்க்கில். மாஸ்க்குக்குள் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, மேல் விளிம்பை அழுத்தி, மூக்கால் காற்றை ஊதி அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மூக்கில் தண்ணீர் பட்டதும் உடம்பு எழுந்து ஓடத்தான் பார்க்கும். வாயால் காற்று வந்துகொண்டேதான் இருக்கிறது என்பதை மூளை நம்பச் சில நிமிடங்கள் ஆகும். முதல் முயற்சியில் இருமிக்கொண்டு எழுபவர்கள் ஏராளம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 5 அடி குளத்தில் எழுந்து நிற்கலாம், 18 மீட்டரில் முடியாது. அதனால்தான் நல்ல இன்ஸ்ட்ரக்டர், சரியாக வரும்வரை விடமாட்டார்.

சைகையிலும் ஒரு சிக்கல். கட்டைவிரலை உயர்த்தினால் நமக்கு 'சூப்பர்'. கடலுக்குள் அதற்கு 'மேலே போகலாம்' என்று பொருள். 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரல் காட்டினால், மொத்தக் குழுவும் மேலே கிளம்பிவிடும்.

அப்புறம் கடலில் நான்கு டைவ். இறங்க இறங்கக் காது அடைக்கும். மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதிச் சரிசெய்துகொண்டே போக வேண்டும். வலி வந்தால் இறங்குவதை நிறுத்தி, கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி முயற்சி செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு லீவுதான். ஆழம் கூடக்கூடச் சிவப்பு நிறம் முதலில் காணாமல்போகும். சிவப்பு டி-ஷர்ட் பழுப்பாகத் தெரியும். திரும்பும்போது மெதுவாக ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் பொறுமையாக வெளியேற அந்த அவகாசம்.

பயணத் திட்டத்தைக் குழப்புவதும் அதே நைட்ரஜன்தான். பல டைவ்கள் முடித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. காலையில் கடைசி டைவ், இரவே பக்கத்துத் தீவிலிருந்து ஃப்ளைட் என்று டிக்கெட் போட்டவர்கள் டைவை விட வேண்டும், அல்லது ஃப்ளைட்டை விட வேண்டும். பயணக் காப்பீட்டில் ஸ்கூபாவும் அடங்குமா என்பதையும் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள்.

கிடைக்கும் கார்டுக்குக் காலாவதி கிடையாது. அந்தமானிலும் புதுச்சேரியிலும் அதைக் காட்டி டைவ் செய்யலாம். வருடக்கணக்கில் இடைவெளி விழுந்தால் மட்டும், முதலில் ஒரு மறுபயிற்சி எடுக்கச் சொல்வார்கள். அதே குளம், அதே மாஸ்க், அதே தண்ணீர்.