துறைமுகக் காவல்: அமைப்புகள் பல, பொறுப்பு யாருக்கு?

புதுதில்லி: 2011 ஜூலை 31 அன்று மும்பை ஜுஹு கடற்கரையில் ‘எம்.வி. பவித்’ என்ற சரக்குக் கப்பல் தரைதட்டி நின்றது. அதில் மாலுமிகள் எவரும் இல்லை. ஓமன் அருகே பழுதடைந்து கைவிடப்பட்ட அக்கப்பல், அரபிக் கடலில் பல நாள்கள் மிதந்து வந்து, கடற்படை, கடலோரக் காவல்படை, கடல்சார் காவல்துறை ஆகிய மூன்று அடுக்குகளின் கண்ணிலும் படாமல் கரையை அடைந்திருந்தது. அதே நகரில் 166 பேரின் உயிரைப் பறித்த பயங்கரவாதத் தாக்குதல் நடந்து அப்போது மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை.

2008 நவம்பர் 26 தாக்குதலில் ஈடுபட்ட 10 பேரும் ‘குபேர்’ என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கடத்தி, அதிலேயே மும்பையை நெருங்கினர். உள்நாட்டுப் படகு என்பதால் அது யாருடைய ஐயத்துக்கும் உள்ளாகவில்லை. பின்னர் ரப்பர் படகுக்கு மாறி, கொலாபா மீனவர் குடியிருப்புப் பகுதியில் கரையேறினர்.

அதன் பின்னரே பொறுப்புகள் எழுத்துப்பூர்வமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஒட்டுமொத்தக் கடல்சார் பாதுகாப்புக்குக் கடற்படையும், 12 கடல் மைல் வரையிலான பிராந்தியக் கடலுக்குக் கடலோரக் காவல்படையும், கரையை ஒட்டிய ஆழம் குறைந்த நீர்ப்பரப்புக்கு மாநிலக் கடல்சார் காவல்துறையும் பொறுப்பேற்றன. மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி, போர்ட் பிளேர் ஆகிய இடங்களில் கூட்டு நடவடிக்கை மையங்கள் நிறுவப்பட்டன. கடலோர ரேடார்கள், கப்பல்களின் தானியங்கி அடையாளக் கருவிகள் ஆகியவற்றின் தரவுகளை ஒருங்கே திரட்டும் மையம் 2014-இல் குருகிராமில் திறக்கப்பட்டது. கடல்சார் பாதுகாப்புக்கெனத் தேசிய ஒருங்கிணைப்பாளர் ஒருவரும் 2022-இல் நியமிக்கப்பட்டார்.

இத்தனைக்குப் பிறகும் துறைமுக வளாகத்தின் நிலை வேறாகவே இருந்தது. அரசமைப்புச் சட்டப்படி பெருந்துறைமுகங்கள் மத்தியப் பட்டியலிலும், ஏனைய துறைமுகங்கள் பொதுப்பட்டியலிலும், காவல்துறை மாநிலப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன. பெருந்துறைமுகங்களில் மத்திய தொழில் பாதுகாப்புப் படை காவலில் உள்ளது. 200-க்கும் மேற்பட்ட சிறு, நடுத்தரத் துறைமுகங்களில் ஏற்பாடு இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. மாநிலக் காவலர் இருக்கும் இடமும் உண்டு, தனியார் காவலாளிகள் மட்டுமே நிற்கும் இடமும் உண்டு. சரக்கைச் சுங்கத்துறையும், மாலுமிகளின் ஆவணங்களைக் குடியேற்றத் துறையும் சரிபார்க்கின்றன. ஒரே கப்பலைப் பல கண்கள் பார்க்கின்றன. ஒரு துறை கண்டது உரிய நேரத்தில் அடுத்த துறைக்குச் சென்று சேர்கிறதா என்பதே சிக்கல்.

உலக அளவில் இதற்கு ஒரு பொதுவிதி உண்டு. 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேசக் கப்பல் மற்றும் துறைமுக வசதிப் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி, பன்னாட்டுக் கப்பல்களைக் கையாளும் ஒவ்வொரு துறைமுக வசதிக்கும் இடர் மதிப்பீடும், அதன் அடிப்படையிலான பாதுகாப்புத் திட்டமும், அதைச் செயல்படுத்தத் தனி அதிகாரியும் தேவை. அபாயத்தின் அளவுக்கேற்ப மூன்று பாதுகாப்பு நிலைகளும் வகுக்கப்பட்டுள்ளன. கப்பலும் துறைமுகமும் வெவ்வேறு நிலைகளில் இருந்தால், யார் எதைச் செய்வது என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திடலாம். எளிய ஏற்பாடுதான், ஆனால் பொறுப்பு நழுவுவதைத் தடுக்க இதைவிடப் பயனுள்ள தாள் வேறில்லை.

திட்டங்கள் தாளிலேயே நின்றுவிடாமல் இருக்க ஒத்திகைகள் நடத்தப்படுகின்றன. ஊடுருவுபவர்களாக வேடமிட்ட ஒரு குழு கடல்வழியே நுழைய முயல, மற்றொரு குழு தடுக்க முயலும் ‘சாகர் கவச்’ ஒத்திகையைத் தமிழகக் கடலோர மக்களும் அறிவர். பிடிபட்ட போலிப் பயங்கரவாதிகளின் எண்ணிக்கை மறுநாள் செய்தியாகிறது. பிடிபடாமல் நுழைந்தவர்கள் எவ்வழியே வந்தனர் என்பதில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. 9 கடலோர மாநிலங்களும் 4 யூனியன் பிரதேசங்களும் பங்கேற்கும் ‘சீ விஜில்’ பயிற்சி 2019-இல் தொடங்கியது.

தற்போதைய மாற்றம் சட்டத்தின் வழியே வருகிறது. வணிகக் கப்பல் போக்குவரத்துச் சட்டம், 2025-இன்கீழ் துறைமுகப் பாதுகாப்புப் பணியகம் அமைப்பது குறித்து, உள்துறை அமைச்சர் அமித் ஷா தலைமையில் 2025 டிசம்பரில் ஆலோசனை நடைபெற்றது. விமான நிலையப் பாதுகாப்பை மேற்பார்வையிடும் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்ட இப்பணியகம், துறைமுகங்கள் அமைச்சகத்தின்கீழ் இயங்கும். பாதுகாப்புத் தகவல்களைத் திரட்டிப் பகிர்வதும், துறைமுகக் கணினி அமைப்புகளை இணையத் தாக்குதலிலிருந்து காப்பதும் அதன் பணிகளுள் அடங்கும். துறைமுகங்களின் பாதுகாப்பு மதிப்பீட்டையும் திட்டங்களையும் தயாரிக்கும் பொறுப்பு மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்கு வழங்கப்பட்டுள்ளது.

ஆனால் ‘குபேர்’ போன்ற சிறு படகுகள் துறைமுக வாயில் வழியே வருவதில்லை. 20 மீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள படகுகளுக்குத் தானியங்கி அடையாளக் கருவி கட்டாயமில்லை. செயற்கைக்கோள் வழி இயங்கும் டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024-இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. கடலில் ஐயத்துக்குரிய படகைக் காணும் மீனவர்கள் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், கடலோரக் காவல்துறையை 1093 என்ற எண்ணிலும் கட்டணமின்றி அழைக்கலாம்.